ஒன்றுக்கு இருநூறு: போர்க்கப்பல் மாடலின் மேல்தளச் சாமான்களைக் கையால் செய்வது

போர்க்கப்பல் மாடல் ஒன்றைக் காட்டினால் பார்ப்பவர்கள் முதலில் சொல்வது, "அப்பாடா, என்ன பொறுமை!" என்பதுதான். மேல்தளத்தில் நிற்கும் பீரங்கிகளும் கைப்பிடிக் கம்பிகளும் பெட்டியோடு வந்தவை கிடையாது, வீட்டு மேஜையில் உருவானவை என்று தெரிந்ததும், "இதெல்லாம் பிறவியிலேயே வரணும் சார்" என்று சேர்த்துக்கொள்வார்கள். இந்தப் பாராட்டு கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் புதிதாக ஆரம்பிக்க நினைக்கும் பலரை விரட்டிவிடுவதும் இதுதான்.

பொறுமையும் கைப்பழக்கமும் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அவை இரண்டாவது. முதலில் வேண்டியது ஐந்தாம் வகுப்பு வகுத்தல் கணக்கு. எந்தச் சாமானை எவ்வளவு தடிமனில் செய்வது, எதைச் செய்யாமலே விடுவது என்று அந்தக் கணக்கு சொல்லிவிடும். அது தெரியாமல் உட்கார்ந்தால் எவ்வளவு பொறுமையாகச் செய்தாலும் கப்பல் பொம்மை மாதிரியே இருக்கும்.

உதாரணத்துக்கு எம்டன் கப்பலை எடுத்துக்கொள்கிறேன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த ஜெர்மன் கப்பல். உயர்நீதிமன்றத்தின் கிழக்குச் சுவரில் அதற்கான கல்வெட்டு இன்னும் இருக்கிறது. சென்னையில் போர்க்கப்பல் மாடல் செய்ய உட்காருபவருக்கு இதைவிடப் பொருத்தமான கப்பல் எனக்குத் தோன்றவில்லை.

மேல்தளச் சாமான் என்றால் எவை?

கப்பலின் உடல், அதாவது தண்ணீரில் மிதக்கும் ஓடு, ஒரு பக்கம். அதன் மேல்தளத்தில் பொருத்தியிருக்கும் தனித்தனிச் சாமான்கள் இன்னொரு பக்கம். மாடல் செய்பவர்கள் இவற்றை டெக் ஃபிட்டிங்ஸ் என்பார்கள். பீரங்கி, நங்கூரம், அதன் சங்கிலி, சங்கிலியைச் சுருட்டி இழுக்கும் கேப்ஸ்டன், கயிறு கட்டும் இரும்புக் குட்டைத் தூண்கள், தேடுவிளக்கு, படகுகள், காற்றுக்குழல்கள், ஓரமெங்கும் ஓடும் கைப்பிடிக் கம்பி எல்லாம் இதில் சேர்த்தி. குட்டைத் தூண் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் காசிமேடு போனால் போதும். படகுக் கயிற்றைச் சுற்றிக் கட்டியிருக்கும் அந்த உருண்டைத் தூண்தான் பொல்லார்டு. போர்க்கப்பலில் அது இரட்டையாக நிற்கும்.

ஸ்கிராட்ச் பில்டிங் என்றால் இந்தச் சாமான்களைப் பெட்டியில் வரும் உதிரிகளாக வாங்காமல் தகடு, கம்பி, குழாய் போன்ற மூலப்பொருளிலிருந்தே செய்துகொள்வது. இங்கேயே ஒரு சண்டை உண்டு. ஒரு சங்கிலியைக் கடையில் வாங்கினால்கூட அது ஸ்கிராட்ச் ஆகாது என்பார்கள் சிலர். அப்படிப் பார்த்தால் கம்பியையும் நாமே இழுக்க வேண்டும், தகட்டையும் நாமே உருக்க வேண்டும். நகைக்கடைச் சங்கிலியின் கண்ணி சரியான அளவில் இருந்தால் வாங்கிப் போடுங்கள். முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் எடுத்தது சேர்த்தியா என்றும் கேட்பார்கள். வரைபடத்தை நீங்களே அளந்து போட்டிருந்தால் என் கணக்கில் சேர்த்திதான். வேறொருவர் போட்டதை இறக்கி அச்சடித்தால் அது வாங்கிய உதிரி. அளவை யார் கண்டுபிடித்தார்கள் என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

அளவு விகிதம்: கொலுப்படியும் கப்பலும்

நவராத்திரி சமயத்தில் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கொலு பொம்மைக் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். செட்டியார் பொம்மை ஒரு முழ உயரம் இருக்கும். பக்கத்தில் வைக்கும் கோயில் கோபுரம் அவர் இடுப்புக்கு வரும். அவர் கடையில் விற்கும் கத்தரிக்காய் கோபுரக் கலசத்தைவிடப் பெரிது. யாரும் இதைக் குறையாகச் சொல்வதில்லை. கொலுவில் ஒவ்வொரு பொம்மைக்கும் தனித்தனி அளவுதான். அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

கப்பல் மாடலில் இது செல்லாது. அங்கே எல்லாப் பொருளையும் ஒரே எண்ணால் வகுத்தாக வேண்டும். அந்த எண்தான் அளவு விகிதம், அதாவது ஸ்கேல். 1:200 என்றால் நிஜத்தில் 200 மி.மீ. இருப்பது மாடலில் 1 மி.மீ. எண் பெரிதானால் மாடல் சிறிதாகும். "700 ஸ்கேல் பெரிய மாடல்தானே" என்று கேட்பவர்கள் நிறைய. உண்மை நேர் எதிர்.

எம்டனின் நீளம் 118.3 மீட்டர். 1:700இல் அது 17 செ.மீ.; உள்ளங்கையை விரித்து மேலே வைத்துக்கொள்ளலாம். 1:350இல் 34 செ.மீ. 1:200இல் 59 செ.மீ. 1:96 என்று ஒரு விகிதம் உண்டு, அடிக்கணக்குக் காலத்து விகிதம். ஓர் அடியை எட்டில் ஒரு அங்குலமாக்குவது. அதில் எம்டன் 1 மீட்டர் 23 செ.மீ. வரும். சென்னை ஃபிளாட்டில் அதை எங்கே வைப்பது என்பது வீட்டில் கேட்டுவிட்டு முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

கொலுப்படித் தவறு கப்பலில் எப்படி வருகிறது? உடலை 1:200இல் சரியாகச் செய்துவிட்டு, பொல்லார்டைக் கண்ணால் பார்த்து "இவ்வளவு இருக்கும்" என்று வெட்டி ஒட்டுவார்கள். நிஜத்தில் 170 செ.மீ. உயரமான மாலுமி இந்த மாடலில் 8.5 மி.மீ. இருப்பார். நீங்கள் ஒட்டிய பொல்லார்டு 6 மி.மீ. என்றால் அது அந்த மாலுமியின் மார்பு வரை வரும். அந்த உயரத்தில் யாரும் பொல்லார்டு வைக்க மாட்டார்கள். ஆகவே எதைச் செய்தாலும் அட்டையில் 8.5 மி.மீ. உயரத்துக்கு ஒரு மனித உருவத்தை வெட்டிப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். மாலுமியால் அந்தக் கதவுக்குள் நுழைய முடியுமா, அந்தக் கம்பியைப் பிடிக்க முடியுமா என்று அது உடனே சொல்லிவிடும்.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: ஒரு மாடலுக்கு ஒரே வகுக்கும் எண், எண் பெரிதென்றால் மாடல் சிறிது, அளவு சரியா என்று பார்க்க ஒரு அட்டை மாலுமி.

அறுபது மீட்டர் தள்ளி நின்று பார்ப்பது

அளவு விகிதத்தைச் சாமானுக்கு மட்டும் போட்டால் பாதிக் கணக்குதான். பார்க்கும் தூரத்துக்கும் போட வேண்டும். மாடலை நீங்கள் 30 செ.மீ. தூரத்தில் வைத்துப் பார்க்கிறீர்கள் என்றால், 1:200இல் அது நிஜக் கப்பலை 60 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம்.

60 மீட்டரில் என்ன தெரியும்? பீரங்கி தெரியும், அதன் கேடயத் தகடு தெரியும், காற்றுக்குழலின் வாய் தெரியும். கைப்பிடிக் கம்பி மெல்லிய கோடாகத் தெரியும். தகடுகளை இணைத்த ரிவெட் ஆணிகளின் தலை? நல்ல வெயிலில், சாய்ந்த வெளிச்சத்தில் ஒரு வரிசையின் சாயல் தெரிந்தால் அதிகம். நல்ல பார்வையுள்ள ஒருவருக்கு 30 செ.மீ. தூரத்தில் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடிகிற மிகச் சிறிய இடைவெளி சுமார் 0.1 மி.மீ. அது நிஜக் கப்பலில் 2 செ.மீ. அதற்கும் கீழே போகும் நுணுக்கங்களை 1:200இல் செய்து கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். தனிக் கம்பி மட்டும் இதற்கு விதிவிலக்கு. வெளிச்சமான பின்னணியில் இருண்ட கோடு இதைவிட மெல்லியதானாலும் கண்ணில் படும்.

நுணுக்கம் கூடக்கூட மாடல் நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கை இங்கேதான் அடிபடுகிறது. உடல் முழுக்க ரிவெட் தலை புடைத்து நிற்கும் மாடல்களைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு புள்ளியும் 0.5 மி.மீ.; அதாவது நிஜத்தில் 10 செ.மீ. அகலமான ஆணி. உழைப்பு பிரமாதம், கப்பலுக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கிறது.

தூரத்திலிருந்து பார்க்கும் கண் முதலில் படிப்பது நிழலுருவத்தை, அதாவது வானத்துக்கு எதிரே தெரியும் வெளிக்கோட்டை. எம்டன் மாலுமிகளுக்கு இது நன்றாகவே தெரியும். எம்டனுக்கு மூன்று புகைபோக்கி. அந்தக் கடல்பகுதியில் திரிந்த யார்மவுத் போன்ற பிரிட்டிஷ் கப்பல்களுக்கு நான்கு. ஆகவே எம்டன்காரர்கள் மரச்சட்டமும் பாய்த்துணியும் வைத்து நான்காவது புகைபோக்கி ஒன்றைக் கட்டி நிறுத்திக்கொண்டார்கள். 1914 அக்டோபர் 28 அதிகாலை அந்த வேஷத்தோடுதான் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து ரஷ்யக் கப்பல் ஜெம்சுக்கைத் தாக்கி மூழ்கடித்தார்கள். அந்தத் துணிப் புகைபோக்கியில் ரிவெட்டும் இல்லை, ஏணியும் இல்லை. உயரமும் பருமனும் நிற்கும் இடமும் சரியாக இருந்தன, வேலை முடிந்தது. கையால் செய்த தளச் சாமான் என்றால் எனக்கு அதுதான் முதலில் ஞாபகம் வரும்.

வகுத்தால் காணாமல் போகும் தடிமன்

நீளத்தையும் உயரத்தையும் வகுப்பது சுலபம். தகராறு தடிமனில் வருகிறது.

எம்டன் பீரங்கிகளுக்கு முன்னால் இருந்த கேடயத் தகடு 50 மி.மீ. தடிமன். 200ஆல் வகுத்தால் 0.25 மி.மீ. மாடல்காரர்கள் பயன்படுத்தும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் தாள் சரியாக 0.25 மி.மீ.யில் கிடைக்கிறது. அது கைக்கு அகப்படாவிட்டால், ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் பைண்டிங்குக்கு மேலே போடும் பிளாஸ்டிக் அட்டையைக் கேளுங்கள். அதை மைக்ரான் கணக்கில்தான் விற்கிறார்கள். 250 மைக்ரான் என்றால் 0.25 மி.மீ. பெயிண்ட் பிடிக்க மேலே உப்புத்தாள் தேய்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இது அதிர்ஷ்டமான இடம். கவசம் இல்லாத சாதாரணத் தகட்டுக்கு வாருங்கள். 6 மி.மீ. தகடு என்று வைத்துக்கொண்டால் மாடலில் 0.03 மி.மீ. வரும். நாம் பிரிண்ட் எடுக்கும் ஏ4 தாளே சுமார் 0.1 மி.மீ. இருக்கிறது. 0.03 மி.மீ.யில் ஒரு பெட்டி செய்தால் தொட்டவுடன் நசுங்கும். ஆகவே இங்கே கணக்கை அப்படியே பின்பற்ற முடியாது.

என்ன செய்வது? கண்ணுக்குத் தடிமன் தெரிவது விளிம்பில் மட்டும்தான். தகட்டின் நடுப்பகுதி 0.5 மி.மீ. இருந்தாலும் 0.05 இருந்தாலும் மேலேயிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுதான். அதனால் தேவையான வலுவோடு தடித்த தாளில் செய்துவிட்டு, வெளியே தெரியும் விளிம்பை மட்டும் உள்பக்கமாகச் சாய்த்துத் தேய்த்து மெல்லியதாக்க வேண்டும். கத்தி முனை போல. கேடயத்தின் ஓரம், காற்றுக்குழலின் வாய், படகின் பக்கப்பலகை, புகைபோக்கியின் உச்சி, இந்த நான்கு விளிம்புகளைச் சாய்த்துத் தேய்த்தாலே மாடலின் முகம் மாறிவிடும். மாடல் பொம்மைத்தனமாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் தடித்த விளிம்புதான் காரணம். வேறு எதையும் மாற்ற நேரமில்லை என்றாலும் இதைச் செய்யுங்கள்.

கைப்பிடிக் கம்பிக்கும் இதே சிக்கல். குறுக்கே ஓடும் எஃகுக் கயிறு நிஜத்தில் 12 மி.மீ. என்றால் மாடலில் 0.06, தலைமுடியின் பருமன். அதைத் தாங்கும் செங்குத்துத் தூண் 3 செ.மீ. என்றால் 0.15 மி.மீ. இதற்கு நம்மூரில் நல்ல இடம் மோட்டார் வைண்டிங் கடை. மின்விசிறிக்கும் பம்ப் மோட்டாருக்கும் சுற்றும் செம்புக் கம்பியை கேஜ் எண் சொல்லி வாங்கலாம். 38 கேஜ் கம்பி 0.15 மி.மீ.; தூணுக்கு அளவெடுத்தது போல் இருக்கும். 42 கேஜ் 0.1 மி.மீ.; குறுக்குக் கயிறுக்குக் கொஞ்சம் தடிமன்தான், ஆனால் கையாள முடியும், அதனால் பரவாயில்லை. சுருளிலிருந்து வரும் கம்பி நெளிந்திருக்கும். ஒரு முனையை வைஸில் இறுக்கி, மறுமுனையைக் குறடால் பிடித்து மெதுவாக இழுங்கள். கம்பி லேசாக நீள்வது கைக்குத் தெரியும். அந்த நொடியில் நிறுத்தினால் ஊசி போல் நேராகி, கொஞ்சம் விறைப்பும் ஏறியிருக்கும். மேலே பூசிய எனாமலைச் சுரண்டிவிட்டு ஈயம் வைத்தால் நன்றாகப் பிடிக்கும்.

ஆக, நீளம், அகலம், உயரம் மூன்றையும் வகுத்தே ஆக வேண்டும். தடிமனை முடிந்தவரை வகுக்கலாம், முடியாத இடத்தில் விளிம்பைச் சாய்த்துக் கண்ணை ஏமாற்றலாம்.

அளவு எங்கிருந்து கிடைக்கும்?

"பொல்லார்டு 30 செ.மீ. பருமன்" என்றெல்லாம் யார் எழுதி வைத்திருக்கிறார்கள்? வரைபடம் கிடைத்தால் நல்லது. கிடைக்காதபோது புகைப்படத்திலிருந்து அளவை எடுக்கலாம். படத்தில் நமக்கு நிச்சயமாக அளவு தெரிந்த ஒரு பொருள் இருந்தால் போதும்.

எம்டன் விஷயத்தில் நமக்கு யோகம். 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளுக்கு அருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதை அடித்து நொறுக்கியது. எம்டன் பவளப்பாறையில் ஏறி நின்றது. அதன் பீரங்கி ஒன்று இன்று சிட்னி நகரின் ஹைட் பார்க்கில் நிற்கிறது. போகிறவர் வருகிறவர் எல்லாம் படம் எடுத்திருப்பதால் எல்லாப் பக்கத்திலிருந்தும் பார்க்க முடிகிறது. அந்தப் பீரங்கியின் குழாய் நீளம் 4.2 மீட்டர். பக்கவாட்டிலிருந்து நேராக எடுத்த படம் ஒன்றில் குழாய் 84 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் படத்தில் 1 மி.மீ. என்பது நிஜத்தில் 50 மி.மீ. அதே படத்தில் கைச்சக்கரம் 9 மி.மீ. இருந்தால் நிஜத்தில் 450 மி.மீ.; மாடலில் 2.25 மி.மீ.

ஒரே நிபந்தனை: அளவு தெரிந்த பொருளும் அளக்க வேண்டிய பொருளும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். முன்னால் நிற்கும் ஆளை வைத்துப் பின்னால் இருக்கும் பீரங்கியை அளந்தால் பீரங்கி சுருங்கிவிடும்.

ஒரு பீரங்கிக் குழாய், கிட்டத்தில்

இந்தச் சாமானில் மேலே சொன்ன எல்லாம் வந்துவிடுவதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். எம்டனின் பீரங்கிகளுக்கு வாய்த்துளை 10.5 செ.மீ. 200ஆல் வகுத்தால் துளை 0.525 மி.மீ., குழாய் நீளம் 21 மி.மீ. வீட்டில் இவ்வளவு சிறிய துளையைக் கம்பிக்கு நடுவில் நேராகப் போடுவது கடினம். ஆனால் துளை போட்ட குழாயாகவே ஒன்று மருந்துக்கடையில் கிடைக்கிறது.

21 கேஜ் ஊசி. பச்சை நிறக் கொண்டை வைத்தது. வெளிவிட்டம் 0.82 மி.மீ., உள்துளை 0.51 மி.மீ. நமக்கு வேண்டிய 0.525க்கு இதைவிட நெருக்கமாகக் கேட்க முடியாது. அடுத்தது 18 கேஜ், இளஞ்சிவப்புக் கொண்டை: வெளிவிட்டம் 1.27, உள்துளை 0.84. அதாவது பச்சை ஊசி இளஞ்சிவப்பு ஊசிக்குள் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். அந்தக் காலத்துப் பீரங்கிக் குழாய் வாய்ப்பக்கம் மெலிந்தும் அடிப்பக்கம் தடித்தும் இருக்கும். மெல்லிய ஊசியின் பின்பாதியில் தடித்த ஊசியை உறையாக மாட்டினால் அந்தப் படி தானாகவே வந்துவிடும். கடைக்காரர், "யாருக்கு சார் ஊசி?" என்று கேட்பார். கப்பலுக்கு என்று சொன்னால் நம்ப மாட்டார்.

வெட்டும்போதுதான் கவனம் தேவை. கட்டிங் பிளேயரால் நறுக்கினால் துளை நசுங்கி வாய் அடைபடும். மேஜைமேல் ஊசியைப் படுக்க வைத்து, முக்கோண அரத்தின் விளிம்பை அதன் மேல் வைத்து, ஊசியை முன்னும் பின்னும் உருட்டுங்கள். சுற்றிலும் ஒரு மெல்லிய வளையக் கீறல் விழும். கீறல் பளபளவென்று தெரிந்ததும் இரண்டு குறடுகளால் பிடித்து மடக்கினால் அங்கேயே பட்டென்று ஒடியும். முனையை உப்புத்தாளில் செங்குத்தாக வைத்துத் தேய்த்து, உள்ளே ஒரு மெல்லிய கம்பியை விட்டுச் சுத்தம் செய்தால் பீரங்கியின் வாய் தயார். புதிய ஊசியை மட்டுமே பயன்படுத்துங்கள். ஒடித்த கூர்முனையைக் குப்பைக்கூடையில் போட வேண்டாம். தூய்மைப் பணியாளர் கையில்தான் குத்தும். ஒரு பழைய பாட்டிலில் போட்டு இறுக மூடிவையுங்கள்.

துருப்பிடிக்காத எஃகு என்பது இதில் இன்னொரு லாபம். கடற்காற்று வீசும் ஊரில் குண்டூசி, சாதாரண இரும்புக் கம்பி எல்லாம் பெயிண்டுக்கு அடியிலிருந்து பழுப்புக் கறையை வெளியே அனுப்பும். பெசன்ட் நகர் பக்கம் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னும் ஒன்பது பாக்கி

எம்டனில் மொத்தம் பத்துப் பீரங்கிகள்: முன்தளத்தில் பக்கத்துக்குப் பக்கமாக இரண்டு, பின்னால் அதேபோல் இரண்டு, நடுவில் இருபுறமும் மும்மூன்று. ஒரு பீரங்கியை அழகாகச் செய்வது ஒரு வேலை. பத்தையும் ஒரே மாதிரி செய்வது முற்றிலும் வேறு வேலை. தனியாகப் பார்த்தால் அரை மி.மீ. வித்தியாசம் யாருக்கும் தெரியாது. பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது, ஒன்று குட்டை ஒன்று நெட்டை என்று சட்டென்று கண்ணைக் குத்தும்.

இதற்குத் தீர்வு ஜிக். அம்பத்தூர், கிண்டி பட்டறைகளில் தினமும் புழங்கும் சொல்தான்: ஒவ்வொரு தடவையும் அளக்காமல், பொருளை ஒரே இடத்தில் பிடித்து ஒரே இடத்தில் வெட்ட வைக்கும் அமைப்பு. ஊசிக்கு வேண்டிய ஜிக் மிக எளிது. ஒரு மரத்துண்டில் ஊசி படுக்கும் அளவுக்கு ஒரு காடி. காடியின் முடிவில் ஒரு தடுப்பு. தடுப்பிலிருந்து 21 மி.மீ. தள்ளி அரம் ஓடுவதற்கு ஒரு வெட்டு. ஊசியைத் தடுப்பில் முட்டும்வரை தள்ள வேண்டும், அரத்தை ஓட்ட வேண்டும், ஒடிக்க வேண்டும். பத்துக் குழாயும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி வரும். கைப்பிடிக் கம்பிக்கும் இப்படித்தான்: தூண்களின் இடைவெளியைத் தடித்த அட்டையில் கோடு போட்டு, கோட்டில் கம்பிகளைப் பதித்து, மேலே குறுக்குக் கம்பியை ஓட்டி, சந்திக்கும் இடத்தில் துளி ஈயம். கைத்திறமை என்று வெளியே பாராட்டப்படுவதில் பெரும்பங்கு இந்த மரத்துண்டுக்கும் அட்டைக்கும் போக வேண்டும்.

வடிவம் சிக்கலான சாமான்களுக்கு ஜிக் போதாது. நிலக்கரி எரிக்கும் பன்னிரண்டு கொதிகலன்கள் எம்டனில் இருந்தன. அந்தக் காலக் கப்பல்களில் கீழே காற்றை அனுப்ப வளைந்த கழுத்தும் அகன்ற வாயும் கொண்ட குழல்கள் தளத்தில் நிற்கும். வாய் 60 செ.மீ. என்றால் மாடலில் 3 மி.மீ. அதன் கிண்ணத்தைச் செய்ய, மெழுகுவர்த்திச் சூட்டில் இளகவைத்த மெல்லிய பாலிஸ்டைரீன் தாளை 3 மி.மீ. மணி வைத்த குண்டூசியின் தலைமேல் இழுத்து அழுத்தலாம். ஆறியதும் சுற்றிலும் வெட்டினால் கிண்ணம் வரும். வளைத்த பிளாஸ்டிக் கம்பியில் அதை ஒட்டினால் ஒரு குழல் ஆயிற்று. இதையே பல தடவை செய்வதைவிட, நன்றாக வந்த ஒன்றை மூலமாக வைத்து சிலிக்கான் ரப்பரில் அச்சு எடுத்து, ரெசின் ஊற்றி நகல் எடுப்பது நல்லது. ரெசின் என்பது இரண்டு திரவங்களைக் கலந்தால் சற்று நேரத்தில் கெட்டிப்படும் பிளாஸ்டிக். இதில் பாலியூரித்தேன் வகை ஈரத்தோடு சேர்ந்தால் வாயு விட்டுக் குமிழி போடும். சென்னைக் காற்றில், அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையில், திறந்து வைத்த டப்பா சில நாளிலேயே கெட்டுப்போகும். ஏசி போட்ட அறையில் ஊற்றுங்கள், டப்பாவை உடனே மூடுங்கள். முடியாவிட்டால் எபாக்சி ரெசின் வாங்குங்கள். கெட்டிப்பட நேரம் எடுக்கும், ஆனால் ஈரத்துக்கு அவ்வளவு பயப்படாது.

மிதக்கும் மாடல் என்றால்

கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் மாடலுக்கு எடை ஒரு பொருட்டே இல்லை. தண்ணீரில் விடும் மாடலுக்கு உண்டு. நீளம் 200இல் ஒரு பங்கு என்றால், பரப்பு 200 × 200, அதாவது 40,000இல் ஒரு பங்கு. கன அளவும் எடையும் 80 லட்சத்தில் ஒரு பங்கு. எம்டன் இடப்பெயர்ச்சி, அதாவது மிதக்கும்போது அது ஒதுக்கித் தள்ளும் தண்ணீரின் எடை, 3,664 டன்; கப்பலின் எடையும் அதுதான். 80 லட்சத்தால் வகுத்தால் சுமார் 458 கிராம். மோட்டார், பேட்டரி, உடல் எல்லாம் சேர்த்து அரைக் கிலோவுக்குள் முடிய வேண்டும். இல்லாவிட்டால் நீர்க்கோட்டுக்கு மேலே மூழ்கி ஓடும். அதனால்தான் மிதக்கும் மாடலில் தளத்துக்கு மேலே பித்தளையும் ஈயமும் அடுக்கக் கூடாது. எடை உயரத்தில் ஏறினால் முதல் திருப்பத்திலேயே சாய்ந்துவிடும். விகிதத்தை 1:100 ஆக்கினால் நீளம் இரண்டு மடங்குதான், எடை எட்டு மடங்கு: 3.66 கிலோ. மிதக்கும் மாடல்காரர்கள் பெரிய விகிதத்தைத் தேடிப் போவது இந்த எட்டு மடங்குக்காகத்தான்.

எதை முதலில், எதைக் கடைசியில்

புதிதாக ஆரம்பிப்பவர் பொல்லார்டில் தொடங்கலாம். 30 செ.மீ. பருமன், 60 செ.மீ. உயரம் என்றால் 1.5 மி.மீ., 3 மி.மீ. பிளாஸ்டிக் கம்பியில் இரண்டு துண்டு, மேலே சற்று அகன்ற வட்டத் தொப்பி, கீழே ஒரு நீள்சதுரத் தகடு. வகுத்தல், ஜிக், விளிம்பு மூன்றும் இதிலேயே பழகிவிடும். கெட்டுப்போனால் நஷ்டமும் இல்லை. அப்புறம் நங்கூரச் சங்கிலி. சங்கிலிக் கண்ணியின் நீளம் பொதுவாக அதன் இரும்புப் பருமனைப்போல் ஆறு மடங்கு, அகலம் 3.6 மடங்கு. 50 மி.மீ. இரும்பு என்றால் கண்ணி 300க்கு 180, மாடலில் 1.5க்கு 0.9 மி.மீ. இந்த எண்களையும் ஒரு வெர்னியர் காலிப்பரையும் எடுத்துக்கொண்டு சௌகார்பேட்டையில் கவரிங் சங்கிலி விற்கும் கடைகளில் ஏறி இறங்கினால் ஏதாவது ஒன்று பொருந்தும்.

எந்தச் சாமானையும் வெறும் பசையை நம்பித் தளத்தில் உட்கார வைக்காதீர்கள். அடியில் 0.3 மி.மீ. கம்பித்துண்டு ஒன்றை முளைபோல் விட்டு, தளத்தில் அதே அளவு துளை போட்டு இறக்குங்கள். 30 கேஜ் செம்புக் கம்பி இதற்குப் போதும். உடனே ஒட்டும் சூப்பர் பசை நம்மூர் ஈரக்காற்றில் சுற்றிலும் வெள்ளைப் பூசணம் மாதிரிப் படியும். ஊசி முனையில் தொட்டு ஒரு துளிக்கும் குறைவாக வையுங்கள், மின்விசிறிக் காற்று லேசாகப் படட்டும். பெயிண்டைப் பெரும்பாலும் ஒட்டுவதற்கு முன்பே அடித்துவிடுவது நல்லது. தளமும் சாமானும் வேறு நிறம் என்றால் ஒட்டிய பிறகு தூரிகை நுழையாது. உள்ளே இருப்பவை முதலில், ஓரத்தில் இருப்பவை பிறகு. கைப்பிடிக் கம்பி எல்லாவற்றுக்கும் கடைசி. அதை முன்பே ஒட்டிவிட்டுப் பீரங்கியைப் பொருத்தப் போனால் சட்டைக் கை பட்டு ஒரு பக்கக் கம்பி முழுவதும் சாய்ந்துவிடும்.